விடை இருக்கிறது, கிடைக்கவில்லை

அரசுச் சேவைகளுக்கு மென்பொருள் எழுதும் உங்களிடம் ஒரு அனுபவத்தைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

ஒரு சான்றிதழ் இணையதளத்தில் நான் வேலை பார்த்த காலம். 'கொளஞ்சி' என்று தேடினால் பதிவே இல்லை என்று வருகிறது. ஆனால் பட்டியலைத் திறந்தால் பெயர் பளிச்சென்று இருக்கிறது! அந்த அம்மா சேவை மையத்துக்கு மூன்று நாள் நடந்தார். மூன்றாம் நாள்தான் எங்களுக்குக் காரணம் புரிந்தது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் போதும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு 'நார்மலைஸ்' என்ற செயற்கூறே இருக்கிறது. ஒரு வரி வேலைங்க.

வயிற்றெரிச்சல் என்னன்னா, இதே சிக்கலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் இரண்டு வருடம் முன்பே தீர்த்து வைத்திருந்தார். ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒரு குரல் பதிவு. மேலே "அவசரம், உதவி தேவை" என்று ஒரு வரி. இதை யார், எதைப் போட்டுத் தேடிக் கண்டுபிடிப்பது? படத்துக்குள் இருக்கும் பிழைச் செய்தியைக் குழுவின் தேடல் படிக்காது. மூடிய குழுவுக்குள் தேடுபொறியும் நுழையாது.

சரி, பொதுத்தளத்தில் எழுதினால் போதுமா? போதாது. விடை தெரிந்தவர் "யூனிகோடு நார்மலைசேஷன்" என்று தலைப்பு வைப்பார். எனக்கு அன்று அந்தச் சொல்லே தெரியாது. தெரிந்திருந்தால் நான் தேடியே இருக்க மாட்டேனே! தேடுகிறவனிடம் இருப்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறி மட்டும்தான். அதனால் "தமிழ்ப் பெயர் திரையில் தெரிகிறது, தேடினால் வரவில்லை" என்று தலைப்பு வையுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதை எழுத்தாகவே, ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்பதையும் சேருங்கள். ஆனால் உண்மையான பயனாளியின் பெயரோ ஆதார் எண்ணோ கடவுச்சொல்லோ அதில் வந்துவிடக் கூடாது. கற்பனைப் பெயரிலேயே சிக்கலை விளக்கலாம்.

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஏற்கெனவே கேட்ட கேள்வி திரும்ப வந்தால் அதை மூடி, பழைய விடைக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் அழிப்பதில்லை. வேறு சொற்களில் கேட்ட கேள்வி, அதே விடைக்கு இன்னொரு வாசல். நாமோ "இதெல்லாம் எப்பவோ பேசியாச்சு" என்று கடிந்துகொள்கிறோம். கடியுங்கள், தப்பில்லை, கூடவே இணைப்பையும் கொடுங்கள்.

தமிழ்க் கணிமைக்கு இன்னொரு பழைய கடனும் உண்டு. 1999இல் டாம், டாப் குறியாக்கங்களைத் தமிழக அரசு ஏற்றது; 2010இல் யூனிகோடுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் எழுதி வைத்த தொழில்நுட்பக் குறிப்புகள் இன்றைய தேடலுக்கு வெறும் கிறுக்கல். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி ஏற்றுங்கள். தளத்தையே புதுப்பித்தாலும் பழைய முகவரியைத் தட்டுகிறவர் புதிய பக்கத்துக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள்.

கொளஞ்சி விஷயத்தை நான் பிறகு பொதுப் பக்கமாக எழுதினேன். சில வாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர், "கௌரிக்கு இது வேலை செய்யவில்லையே" என்று எழுதினார். பார்த்தால், ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருக்கிறார்கள். அதை நார்மலைஸ் திருத்தாது; தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். அதையும் தேதி போட்டு அதே பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.