மலைமேல் ஒரு கடல் தொட்டி



நம் தாத்தாமாரும் பாட்டிமாரும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கில் வந்து இறங்கியவர்கள். கடலின் ஆட்டமும் உப்புக் காற்றும் அவர்களுக்குப் பழக்கம். கேமரன் மலைத் தோட்டங்களில் வளரும் இன்றைய பிள்ளைகளுக்கோ கடல் வெகு தூரம். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளையெல்லாம் கடந்து, அங்கிருந்து லுமுட் கரைக்குப் போனால்தான் அலையைக் காணலாம். பள்ளிச் சுற்றுலா அமைந்தால் உண்டு. இல்லாவிட்டால் படத்தில் பார்ப்பதுதான். அதனால்தானோ என்னவோ, பவளப்பாறை பற்றிய பாடம் வரும்போதெல்லாம், "கடல் மீனை வீட்டில் வளர்க்க முடியுமா?" என்ற கேள்வி எங்கள் வகுப்புகளில் தவறாமல் எழுகிறது.

முடியும். ஆனால் தங்கமீனைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு வேடிக்கை பார்ப்பது போன்ற காரியமல்ல இது. காசு செலவாகும், அவசரப்பட்டால் வாங்கிய உயிர்கள் ஒரு வாரத்தில் செத்து மிதக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இன்று உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறோம்.

பவளங்களையும் மீன்களையும் சேர்த்து வைத்து வளர்க்கும் இந்தத் தொட்டிக்கு வழிகாட்டியவர் எங்கோ மேல்நாட்டில் இருந்தவர் அல்லர். நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவில், ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து எடுத்த கற்களை, அவற்றில் ஒட்டியிருந்த சிற்றுயிர்களோடு அப்படியே தொட்டியில் வைத்து, சிறிது காற்றுக் குமிழியும் வெளிச்சமும் கொடுத்தார். மீன்களும் பவளங்களும் பிழைத்துக்கொண்டன. தம் முறையை 1961-இல் அமெரிக்க வண்ணமீன் இதழ் ஒன்றில் அவர் எழுதினார். கருவிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், கல்லில் வாழும் உயிர்களே நீரைத் தூய்மை செய்கின்றன என்ற அவருடைய அடிப்படை மாறவில்லை.

முதல் தொட்டி எத்தனை பெரியதாக இருக்கலாம்? சிறியதாக வாங்கினால் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு மை விழுந்தால் முழுதும் கறுத்துவிடும். ஒரு பீப்பாய்த் தண்ணீரில் விழுந்தால் தெரியாது. நீர் குறைவாக இருந்தால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. கல்லும் மணலும் போக ஏறத்தாழ 100 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, கல், நீர் எல்லாம் சேர்ந்து 150 கிலோ கனம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பழைய லயத்து வீட்டின் பலகைத் தரை இதைத் தாங்காது. சிமெந்துத் தரையில், சுவரோரமாக, உறுதியான மேசை போட்டு வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் தோட்டத்து மக்களாகிய நாம் மற்றவர்களைவிட அதிகமாக விழிப்போடு இருக்க வேண்டும்.

"உப்புதானே, பசாரில் வாங்கிக் கரைத்தால் போதாதா?" என்று கேட்கத் தோன்றும். போதாது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் பெரும்பகுதி நாம் உண்ணும் உப்புதான் என்றாலும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என மற்றவையும் அதில் அடக்கம். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதே அந்தக் கால்சியத்தைக் கொண்டுதான். ஆகவே கடல் தொட்டிக்கென்றே கலந்து விற்கப்படும் உப்பைத்தான் வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும். தனி வாளியில் கரைத்து, ஓரிரவு பம்பு ஓடவிட்டு, நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியால் அளந்து பாருங்கள். நன்னீரை 1 என்று வைத்தால் கடல்நீர் 1.025 என்று காட்ட வேண்டும். உயிர்கள் இருக்கும் தொட்டிக்குள் உப்பை நேராகக் கொட்டுவது கூடவே கூடாது.

உப்பைக் கரைக்க நன்னீர் எங்கிருந்து எடுப்பது? தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடை கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆனால் மேலே போட்ட உரமும் அடித்த மருந்தும் மழையில் கரைந்து அந்த ஓடையில்தான் சேர்கின்றன. அது வேண்டாம். கூரையிலிருந்து விழும் மழைநீரோ என்றால், நம் கூரைகள் துத்தநாகம் பூசிய தகரம். அந்தத் துத்தநாகம் நீரில் சிறிது சிறிதாக இறங்கும். அதுவும் ஆகாது. குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். நமக்கு வேண்டிய நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். குழாய்நீரைத்தான் எடுக்க முடியும் என்றால், குளோரினை நீக்கும் மருந்தைக் கடையில் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். பட்டணத்தில் காசு போட்டுப் பிடிக்கும் வடிகட்டிய நீர் இவற்றையெல்லாம்விட நல்லது.

மருந்து என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். தேயிலைக்கு வரும் கொப்புள நோய்க்கும் காய்கறிப் பயிர்களின் பூஞ்சை நோய்க்கும் அடிக்கப்படும் மருந்துகளில் தாமிரம் கலந்தவை உண்டு. மீன் ஓரளவு தாமிரத்தைத் தாங்கிக்கொள்ளும். பவளமும் இறாலும் நத்தையும் தாங்கமாட்டா. மிகச் சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும். மருந்து அடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடலாகாது. மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டி வேலைக்குக் கொண்டுவரலாகாது. இதற்கென்று ஒரு புது வாளியை வாங்கி, அதன்மேல் பெயர் எழுதிவிடுங்கள். கடையில் விற்கும் மீன் நோய் மருந்துகள் சிலவற்றிலும் தாமிரம் உண்டு என்பதால், என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி வெப்பத்தைப் பார்ப்போம். சமவெளியில் இருப்பவர்கள் கடல் தொட்டியைக் குளிர்விக்க இயந்திரம் வாங்கிப் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சூடேற்றி வேண்டும். வெப்பமண்டலப் பவளங்களுக்கு 25, 26 பாகை ஏற்றது. இங்கே இரவில் 15, 16 பாகைக்கு இறங்கிவிடுகிறதே! 100 லிட்டர் நீரைப் பத்துப் பாகை உயர்த்திப் பிடிக்க 200 வாட் அளவு சக்தி வேண்டும். 200 வாட் கொண்ட ஒரே சூடேற்றியைவிட 100 வாட் கொண்ட இரண்டைப் போடுவது நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது தொட்டியை அடியோடு குளிரவிடாது. ஒன்று நிற்காமல் எரிந்தாலும் நீர் கொதிநிலைக்குப் போகாது. மின்கட்டணம் குறைய, காய்கறிப் பெட்டியாகப் பயன்படும் வெள்ளை நுரைப்பலகையை வெட்டித் தொட்டியின் பின்புறமும் இரு பக்கங்களிலும் ஒட்டிவிடுங்கள். வெப்பமானியைக் காலையில் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை பாருங்கள்.

சூடு மிஞ்சினாலும் ஆபத்துதான். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. பவளத்துக்கு விளக்கொளி வேண்டும் என்பது இதனால்தான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டாளிகள் வெளியேற, பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கிறது. 2010-இல் கடல் சூடேறியபோது, நம் பகாங் மாநிலத்தின் தியோமான் தீவிலும் திரெங்கானுவின் ரெடாங் தீவிலும் பவளங்கள் வெளிறி, முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கமே மூட நேர்ந்தது. பெருங்கடலுக்கே அந்த நிலை என்றால், 100 லிட்டர் தொட்டிக்குச் சொல்ல வேண்டுமா?

நீர் ஆயிற்று, சூடு ஆயிற்று, மீனை விடலாமா? விடக்கூடாது. பெரும்பாலான தொட்டிகள் பாழாவது இந்த இடத்தில்தான்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை, அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண்ணில் உரம் பயிருக்கு ஏற்ற உணவாவதும் இதே வழியில்தான். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் இந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். புதுத் தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

பாலில் உறைமோர் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் அம்மாவுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நடுவில் நாலு தடவை திறந்து கலக்கினால் தயிர் உறையுமா? ஓட்டைகள் நிறைந்த உலர்ந்த கற்களைப் பத்துக் கிலோ அளவில் அடுக்குங்கள். கற்களுக்கிடையே நீர் புகுந்து வர இடம் வேண்டும். ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஒரு தொட்டியிலிருந்து உயிருள்ள கல் ஒன்றை வாங்கி வைத்தால் அதுதான் உறைமோர். ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு, பம்பை ஓடவிட்டு, வாரம் இருமுறை சோதனை மருந்தால் அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும்; அதன்பின் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழி என்று நின்ற பிறகுதான் மீன். நடுவில் கல்லிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படலம் படியும். அழுக்கு என்று பயந்து எல்லாவற்றையும் எடுத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மறுபடியும் முதல் நாள்தான். நாலைந்து நத்தைகளை விட்டால் அவை மேய்ந்துவிடும்.

மீன்களில் முதலில் வாங்கத்தக்கவை கோமாளி மீன்கள் இரண்டு. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை கொண்ட இவை நம் கடல்களுக்கு உரியவை; நன்கு பராமரித்தால் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் வகுப்பு அடங்கப் பத்து நிமிடமாகும். இவை கடலில் ஒளிந்து வாழும் கடல் சாமந்தியையும் சேர்த்து வாங்கக் கடைக்காரர் தூண்டுவார். வேண்டாம், புதுத் தொட்டியில் அது பிழைப்பது அரிது, அது இல்லாமலே கோமாளி மீன் நலமாக இருக்கும்.

வாங்கும்போது, கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கவைக்கும் வழி இன்று கைவந்த கலை. தமிழ்நாட்டில் ராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இது செய்யப்படுகிறது. மண்டபம் என்ற பெயரை இலங்கைத் தோட்டத்துக்குப் போன நம் உறவினர்கள் மறக்கமாட்டார்கள். கப்பலேற்றுமுன் அவர்களைத் தங்கவைத்துச் சோதித்த முகாம் அங்கேதான் இருந்தது. அந்த ஊருக்கு எதிரே விரியும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. இரண்டு மூழ்கிவிட்டன, சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு காரணம். 1986-இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி, கடல் பூங்காவில் பவளத்தைப் பறிப்பது குற்றம். தீவுக்குச் சுற்றுலா போகும்போது "ஒரு சின்னக் கல்தானே" என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மீன்கள் ஒரு மாதம் நலமாக இருந்தால் மென்பவளம் ஒன்றிரண்டு வைக்கலாம். காளான் போன்ற வட்டப் பவளம் எளிது. பொத்தான் போலக் கொத்தாக வளரும் ஒருவகை மிக அழகானது. ஆனால் அதில் சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு. அதைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. சிறு பிள்ளைகளைத் தொடவிடவே கூடாது. சுத்தம் செய்வதாக எண்ணி, அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டு, எழுந்த ஆவியால் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. எங்களைக் கேட்டால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த வகையே வேண்டாம் என்போம்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு குடும்பத்துக்குப் பாரம்தான். கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தை ஒருவர் மட்டும் இதில் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, பள்ளியின் பெற்றோர் சங்கம் முன்வந்தோ ஒரு பொதுத் தொட்டி வைக்கலாம். உப்பை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், பார்த்துக்கொள்ள ஆளும் கிடைக்கும்.

அன்றாட வேலை அதிகமில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. நீர் ஆவியாகிக் குறைந்தால் நன்னீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து லிட்டரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கரைத்த கடல்நீரை அதே சூட்டில் ஊற்றுங்கள். மின்கம்பி தொட்டிக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறி மின்செருகிக்குப் போகட்டும்; கம்பி வழியே வழியும் உப்புநீர் செருகிக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். மலைச்சரிவில் மின்சாரம் நின்றால் உதவ, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். இந்த உயரத்தில் காற்றில் உயிர்வாயு கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தொட்டியைக் கம்பளியால் போர்த்திவிட்டால் சூடும் சில மணி நேரம் நிற்கும். தீபாவளிக்கு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய் மூன்று நாள் தங்கினால், மீன் பட்டினியால் சாகாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, வெப்பமானியைப் பார்க்கவும் நன்னீர் ஊற்றவும் மட்டும் சொல்லுங்கள். தீனி டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள். அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்.