வசதியை எண்ணாக்குதல்: காரணி மதிப்பெண்களுக்கு நிறை தேர்தல்

ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கேட்டறிவது எளிதன்று என்பதால், வீட்டின் தரை, கூரை, குடிநீர், கழிப்பறை, இருசக்கர வாகனம் முதலியவற்றைக் கொண்டு அதன் வசதியை மதிப்பிடும் வழக்கம் இந்திய மக்கள்தொகை ஆய்வுகளில் நிலைபெற்றுள்ளது. இவற்றுக்கெல்லாம் பின்னின்று இயங்குவதாகக் கொள்ளப்படும், நேரில் அளக்கவியலாத பண்பு 'காரணி' எனப்படும். ஒவ்வொரு குடும்பத்திலும் அது எவ்வளவு என மதிப்பிட்டுரைக்கும் எண் 'காரணி மதிப்பெண்'. அம்மதிப்பெண்ணில் ஒவ்வொரு பொருளும் பெறும் பங்கு 'நிறை'.

1998-99இல் நடந்த இரண்டாம் தேசியக் குடும்பநல ஆய்வில் நிறைகளை ஆய்வாளர்களே வகுத்தனர். காருக்கு 4, வண்ணத் தொலைக்காட்சிக்கு 3, மிதிவண்டிக்கு 2, பிரஷர் குக்கருக்கு 1 என அமைந்த அப்பட்டியலை எவராலும் படித்து மறுக்க முடிந்தது என்பது அதன் குறையன்று, சிறப்பே. முதல் ஆய்வின் தரவைக் கொண்டு ஃபில்மர், பிரிட்செட் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரை, பொருள்களின் மொத்த வேறுபாட்டை மிகுதியாக உள்ளடக்கும் கூட்டுத்தொகையாகிய முதல் முதன்மைக்கூறிலிருந்தே நிறைகளைப் பெற்றது. 2005-06இல் மூன்றாம் ஆய்வும் இவ்வழிக்கு மாறியது. முதன்மைக்கூறு பொருள்களைத் தொகுப்பது, காரணியோ அவற்றை விளக்குவது என்ற வேறுபாடு நடைமுறையில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

காரணிப் பகுப்பாய்வில் மதிப்பெண் கணிக்க மூன்று முறைகள் பெருவழக்காக உள்ளன. தர்ஸ்டன், தாம்சன் பெயர்களால் அறியப்படும் தொடர்புப்போக்கு முறை, உண்மைக் காரணியோடு மிக நெருங்கிய ஒட்டுறவுடைய மதிப்பெண்ணைத் தருமாயினும் அதைச் சராசரியை நோக்கிச் சுருக்குகிறது. பார்ட்லெட் 1937இல் தந்த முறை அச்சுருக்கத்தால் வரும் சாய்வை நீக்கி, அதற்கு விலையாகச் சிதறலைக் கூட்டுகிறது. ஆண்டர்சன், ரூபின் 1956இல் தந்த முறை வெவ்வேறு காரணிகளின் மதிப்பெண்களைத் தம்முள் ஒட்டுறவு அற்றனவாக்குகிறது. கணினித் திரையில் இம்மூன்றில் எதைச் சொடுக்குவது எனத் தயங்கும் ஆய்வு மாணவர் அறிய வேண்டியது, காரணி ஒன்றே எனில் மூன்றும் ஒன்றுக்கொன்று விகிதத்திலேயே அமைவதால் குடும்பங்களின் வரிசை சிறிதும் மாறாது என்பதாகும். ஐந்து சமப் பகுதிகளாகப் பிரிப்பதே நோக்கமெனில் அத்தயக்கத்துக்கு இடமில்லை. மதிப்பெண்ணை அடுத்த சமன்பாட்டில் இடும்போதுதான் தேர்வு பொருள்படுகிறது. வசதி குழந்தையின் பள்ளிப்படிப்பை விளக்கும் மாறியாயின் தொடர்புப்போக்கு முறையும், வசதியே விளக்கப்படும் மாறியாயின் பார்ட்லெட் முறையும் பொருந்தும் என ஸ்க்ரோண்டால், லாக்கே ஆகியோர் 2001இல் நிறுவினர்.

இவற்றினும் பெரிய தேர்வு, எந்த மக்களின் தரவிலிருந்து நிறைகள் பெறப்படுகின்றன என்பது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பிரிவுகளில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையிலும், மாஹே கேரளக் கரையிலும், ஏனாம் ஆந்திரக் கரையிலும் உள்ளன. மாஹேயைச் சூழ்ந்த மலபாரில் வசதியான வீட்டாரும் முற்றத்துக் கிணற்று நீரையே குடிப்பது இயல்பு. நாடளாவிய தரவிலோ கிணறு பெரும்பாலும் குழாய் எட்டாத சிற்றூரின் அடையாளமாக நிற்பதால், அங்குப் பெறும் நிறை ஓடும் தேக்குமரக் கதவும் உடைய மாஹே வீட்டைக் காரணமின்றித் தாழ்த்தக்கூடும். புதுச்சேரியைச் சூழ்ந்த விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் இதன் மறுதலை நேர்ந்தது. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி கீற்றுக் குடிசையிலும் இடம்பெற்றபின், அது அங்கு ஏழையையும் செல்வரையும் பிரித்துக் காட்டும் வலுவை இழந்தது. தேசிய நிறையோ அக்குடிசைக்கும் மதிப்பெண் கூட்டியது.

எனவே புதுச்சேரியைப் பீகாரோடு ஒப்பிடத் தேசிய நிறைகளும், புதுச்சேரி நகரின் முத்தியால்பேட்டையிலோ வைத்திக்குப்பத்திலோ உதவிக்குரிய குடும்பங்களைக் கண்டறிய உள்ளூர்த் தரவின் நிறைகளும் தேவைப்படுகின்றன. ஒரே குடும்பம் இரு பட்டியல்களில் இரு வேறு இடங்களைப் பெறுவது கணக்குப் பிழையாகாது. மாஹே போன்ற சிறு பிரிவில், மாதிரிக் குடும்பங்கள் சிலவே கிடைப்பின், அவற்றிலிருந்து நிறைகளைப் பிழிந்தெடுப்பதைவிட, நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் வெளிப்படையாகச் சம நிறை தருவதுபோல், ஒப்புக்கொண்ட எளிய நிறைகளைக் கையாள்வதே தக்கது.