வாயுவில் ஓடும் மோட்டார் வண்டி

1910 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்திலே, போர்ட் கார் வைத்திருந்த ஒருவர் ஒரு கலன் பெற்றோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வீடு வந்து பார்த்தபோது அதிற் பாதிதான் எஞ்சியிருந்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் வழியிலே மறைந்துபோனால் எவர்தாம் பொறுப்பர்? அரசாங்கம் இதனை விசாரிக்க வேண்டுமென அவர் முறையிட்டார் என்றும், அம்முறைப்பாடு அரசாங்கச் சுரங்கத் திணைக்களத்தில் இரசாயன அறிஞராயிருந்த வால்டர் ஸ்னெல்லிங் என்பவரிடம் வந்து சேர்ந்தது என்றும் கூறுவர். ஸ்னெல்லிங் பெற்றோலிலிருந்து எழுந்த ஆவியைப் பிடித்துச் சோதித்தார். அதிலே புரொப்பேன், பியூற்றேன் என்னும் வாயுக்கள் இருக்கக் கண்டார். அவற்றைப் பிரித்தெடுத்து, அமுக்கித் திரவமாக்கி, இரும்புக் கலத்தில் அடைக்கும் வழியையும் அவரே வகுத்தார். அவருடைய உரிமைப் பத்திரம் 1913 ஆம் ஆண்டுக்குரியது.

அன்று காரிலிருந்து தப்பியோடிய அந்த ஆவிதான் இன்று சமையலறையில் நீலச் சுடராய் எரிகின்ற திரவப் பெற்றோலிய வாயு. அதே வாயுவைத் திரும்பவும் காருக்கே ஊட்டலாமா என்பது பெற்றோல் விலை ஏறுந்தோறும் எழுகின்ற கேள்வி. ஊட்டலாம். உலகிற் பல இலட்சம் வண்டிகள் அவ்வாறே ஓடுகின்றன. இத்தாலியில் 1950களிலேயே இது ஒரு தொழிலாக வளர்ந்தது. றெஜ்ஜியோ எமிலியா என்னும் நகரில் றென்சோ லாண்டி என்பவர் 1954 இல் தொடங்கிய தொழிற்சாலை இன்றும் இதற்கான உறுப்புக்களைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றது. துருக்கியிலே வாயுவில் ஓடும் கார்கள் நாற்பது இலட்சத்துக்கு மேல். தோக்கியோ நகரத்து வாடகைக் கார்களும் சென்னை நகரத்து ஓட்டோக்கள் பலவும் இவ்வாயுவை நம்பியே பிழைக்கின்றன. இலங்கையிலும் 1990களின் நடுப்பகுதி தொடக்கம் இம்மாற்றத்தைச் செய்துகொடுப்போர் இருந்து வருகின்றனர். ஆகவே கேள்வி இயலுமா என்பதன்று. எவ்விதம் செய்வது என்பதே.

பெற்றோல் எஞ்சின் திரவத்தை எரிப்பதில்லை. காபரேற்றரானது பெற்றோலை நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலந்து கொடுக்க, அக்கலவையே உருளைக்குள் அமுக்கப்பட்டுப் பொறியினால் வெடிக்கின்றது. வாயுவோ ஏற்கெனவே ஆவி. காற்றோடு அது இன்னும் செம்மையாகக் கலக்கும். அன்றியும், அமுக்கத்திலே தானாக வெடித்துவிடாத பொறுமை எரிபொருளுக்கு வேண்டும். அப்பொறுமையை ஒக்ரேன் எண்ணால் அளவிடுவர். இலங்கையில் விற்கப்படும் சாதாரண பெற்றோலின் எண் 92. திரவ வாயுவின் எண் நூறுக்கு மேல். இந்த ஒரு குணத்தால் அது பெற்றோலினும் உயர்ந்தது.

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. 1990களில், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. சிறிது பெற்றோலைத் துளித்துளியாகக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வீதியெங்கும் புகை, எஞ்சினுள்ளே தட்டுகின்ற ஓசை, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப் போகச் செய்யும். தட்டுகின்ற ஓசைக்கு மண்ணெண்ணெயின் மிகத் தாழ்ந்த ஒக்ரேன் எண்ணும், புகைக்கும் ஒயில் நீர்த்துப்போவதற்கும் அது எளிதில் ஆவியாகாமையுமே காரணம். அந்தக் கார்கள் அதனையும் தாங்கின என்றால், அவற்றின் தாழ்ந்த அமுக்கத்துக்கும் அவற்றைப் பேணிய மெக்கானிக்குகளின் கைக்குமே நன்றி சொல்ல வேண்டும். வாயுவுக்கு மாற்றிய எஞ்சினில் இத்தொல்லைகள் இல்லை. அதன் ஒயில் பல நாளாகியும் கறுப்பதில்லை. புகைக்குழாயில் கரி படிவதில்லை.

இனி, மாற்றம் செய்யும் முறை. காரின் பின்பெட்டியில் வாயுத் தாங்கி பூட்டப்படும். நீள்உருளை வடிவிலும், உழுந்து வடை போல நடுவிலே துளையுள்ள வட்ட வடிவிலும் தாங்கிகள் உண்டு. வடை வடிவத் தாங்கி உதிரிச் சக்கரம் இருக்கும் குழியிற் படிந்துவிடும், ஆனால் உதிரிச் சக்கரத்துக்கு வேறிடம் தேடவேண்டும். தாங்கியிலிருந்து செப்புக் குழாய் ஒன்று வண்டியின் அடிப்புறமாக முன்னே வரும். எஞ்சினுக்கு அருகில் மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் நின்றவுடன் அது வாயுவை அடைத்துவிடும். அதற்கப்பால் உள்ளதே ஆவியாக்கி.

இவ்வாவியாக்கியைச் சற்று நின்று கவனிப்பது தகும். தாங்கியிலிருந்து வருவது திரவம். அது ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சும். புரொப்பேன் கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியஸில் என்றால், அது எவ்வளவு குளிர்ச்சியை உண்டாக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆகவே றேடியேற்றரின் சூடான நீரை ஒரு கிளைக் குழாயால் ஆவியாக்கியினூடே ஓடவிடுவார்கள். அந்நீர் குறைந்துபோனால், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலும் ஆவியாக்கியின் மேல் வெண்பனி படிந்து வண்டி நின்றுவிடும். வாயு வண்டியின் சாரதி காலையில் முதலிற் பார்க்கவேண்டியது றேடியேற்றர் நீரையே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோலிற் கிளப்பி, சூடேறிய பின் வாயுவுக்கு மாற்றுவதும் இதன்பொருட்டே. பழைய வண்டிகளில் சாரதி ஒரு விசையை அமுக்கி மாற்றுவார். புதியவற்றில் கணினிப் பெட்டி தானே மாற்றும்.

ஆவியாக்கியிலிருந்து வரும் வாயு, காபரேற்றர் வண்டியானால் அதன் வாயிலுள்ள கலப்பானிலே காற்றோடு சேரும். எரிபொருளை உட்செலுத்தும் புதுவகை எஞ்சினானால், ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிச் செலுத்தியால் அளந்து கொடுக்கப்படும். பழைய கலப்பானைப் புதுவகை எஞ்சினிற் பூட்டுவது மலிவு. அது மலிவாக இருப்பதற்குக் காரணமுண்டு: காற்றுக்குழாய் முழுவதும் வெடிக்கத்தக்க கலவை நிறைந்திருக்க, ஒரு பொறி பின்னோக்கிப் பாய்ந்தால் பிளாஸ்ரிக்கினாற் செய்த காற்றுக்குழாய் பிளந்துவிடும். வாயுக் கலவைக்கு வலுவான பொறியும் வேண்டும். பெற்றோலில் ஓடும்போது மறைந்திருந்த பழைய பிளக்கின் குறையும் வெடித்த மின்கம்பியின் குறையும் வாயுவுக்கு மாறிய மறுநாளே வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு குறை மெதுவாக வருவது. முற்காலப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது; அது எஞ்சின் வால்வுகள் அமரும் இருக்கைகளைத் தேயாமற் காத்தது. வாயுவில் ஈயமில்லை. இருக்கை மென்மையான இரும்பாயின் தேய்ந்து தேய்ந்து வால்வு உட்செல்லும். ஈற்றில் முற்றாக மூடாமற் போகும். பழைய ஆங்கிலேயக் கார்களுக்கும் மென்மையான இருக்கையுடைய சில யப்பானியக் கார்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. வால்வு இடைவெளியைக் காலந்தவறாது அளப்பித்தால் வருமுன்னே அறியலாம்.

இலாபத்தைக் கணக்கிடுவதில் பலர் ஏமாறுகின்றனர். ஒரு லீற்றர் திரவ வாயுவில் உள்ள சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதன் முக்கால் அளவே. ஆதலால் பெற்றோலில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார், வாயுவில் ஏறக்குறைய 9 கிலோமீற்றர்தான் ஓடும். வாயுவை நிறையால் வாங்குவோர்க்குக் கணக்கு வேறு: ஒரு கிலோகிராம் வாயு ஏறக்குறைய 1.4 லீற்றர் பெற்றோலுக்கு ஈடாகும். கிலோ வாயுவின் விலை, பெற்றோல் லீற்றர் விலையின் 1.4 மடங்கிலும் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவே மிச்சம். அம்மிச்சத்தைக் கொண்டு மாற்றச் செலவை அடைக்கவேண்டும். உதாரணமாக, மாற்றுவதற்கு 150,000 ரூபா செலவாகின்றது என்றும், கிலோமீற்றருக்கு 10 ரூபா மிஞ்சுகின்றது என்றும் கொள்வோம். 15,000 கிலோமீற்றர் ஓடினால்தான் முதல் திரும்பும். நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் ஓடும் வாடகைக் காருக்கு அது நூறு நாளிற் கைகூடும். கோயிலுக்கும் சந்தைக்குமாகப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் ஓய்வூதியருக்கோ நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். அவருக்கு இம்மாற்றம் வேண்டியதேயில்லை.

வாயுவும் இலங்கைக்குக் கப்பலில் வருவதே என்பதையும் இக்கணக்கிற் சேர்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு ஒரு வரிசை, வாயுவுக்கு ஒரு வரிசை. இரண்டிலும் ஓடத்தக்க வண்டி இரண்டுமின்றி நின்றது.

செலவைக் குறைக்கும் ஆசைதான் இவ்விடயத்தில் உயிர்க் கேட்டுக்கு வழியாகின்றது. உரிய தாங்கிக்குப் பதிலாக, வீட்டுச் சமையல் சிலிண்டரையே வண்டியினுள் வைத்து இறப்பர்க் குழாயால் தொடுக்கும் வழக்கம் அயல் நாட்டிலும் இந்நாட்டிலும் இல்லாததன்று. சிலிண்டரும் இரும்பு, தாங்கியும் இரும்பு, உள்ளே இருப்பதும் ஒரே வாயு. பின்னென்ன வேறுபாடு என்று வினவுவோருக்கு விடை இரும்பிலில்லை, வால்வுகளில் இருக்கின்றது.

காருக்கென்று செய்த தாங்கியின் வாயில் ஒரு மிதவை உண்டு. நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்ததும் அது மேலும் நிரப்பவிடாது அடைத்துவிடும். திரவ வாயு வெப்பத்தால் மிகுதியாக விரிவது. முற்றாக நிரப்பிய தாங்கி வெயிலிலே நின்றால், விரியும் திரவத்துக்கு இடமின்றி இரும்பே பிளக்கும். அடுத்து, குழாய் எங்காவது அறுந்து வாயு திடீரெனப் பாயுமானால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று. அதற்கும் மேலாக, தீயினால் உள்ளமுக்கம் எல்லை மீறினால் வாயுவைச் சிறிது சிறிதாக வெளியே விடும் காப்பு வால்வு. இவை யாவும் காற்றுப் புகாத பெட்டியொன்றால் மூடப்பட்டு, கசிவு ஏற்பட்டால் வண்டியின் அடிவழியே வெளியே போகக் குழாய் வைக்கப்பட்டிருக்கும்.

காப்பு வால்வின் அருமையைப் பிரான்சு நாடு பெரு விலை கொடுத்தே கற்றது. 1999 ஜனவரியில், லியோன் நகருக்கு அருகேயுள்ள வெனிசியூ என்னுமிடத்தில், எவரோ தீயிட்ட கார் ஒன்றை அணைக்கத் தீயணைப்பு வீரர் சென்றனர். அது வாயுவில் ஓடும் கார். அதன் தாங்கியில் காப்பு வால்வு இருக்கவில்லை. தாங்கி வெடித்து வீரர்கள் படுகாயமடைந்தனர். அதன் பின்னரே அந்நாட்டில் அவ்வால்வு கட்டாயமாக்கப்பட்டது. மற்றெல்லா வகையிலும் முறையாகச் செய்த தாங்கிக்கே ஒரு வால்வு இல்லாமையால் இக்கதி நேர்ந்தது.

சமையல் சிலிண்டரோ வேறொரு தொழிலுக்குச் செய்யப்பட்டது. அது நிமிர்ந்து நின்று, மேலே தேங்கும் ஆவியைச் சிறிது சிறிதாக அடுப்புக்குக் கொடுப்பது. எஞ்சின் கேட்கும் அளவுக்கு ஆவியை அது கொடுக்கமாட்டாது. குளிர்ந்து உறைபனி பூத்துவிடும். அதனால் அதனைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திரவத்தையே எடுக்க முனைகிறார்கள். அதற்குப் பூட்டும் இறப்பர்க் குழாய், அடுப்பின் மிகத் தாழ்ந்த அமுக்கத்துக்கென ஏற்பட்டது. நிரப்பும் அளவைக் காக்கும் மிதவை அதிலில்லை. தொழிற்சாலையிலே நிறுத்து நிரப்புவதால் அங்கே அது தேவைப்படவுமில்லை. சட்டத்திற் பிணைக்கப்படாமல் இருக்கைக்குப் பின்னே கிடக்கும் அச்சிலிண்டர், வண்டி மோதும்போது முன்னே பாயும். கசியும் வாயுவோ பயணிகளோடு உள்ளேயே தங்கும். இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மோட்டார் வண்டிகளில் இவ்வாயுவை எரிப்பதற்கு இடங்கொடுத்த போதிலும், வீட்டுச் சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது அங்கே குற்றமே. இதன் இன்னோர் உருவம், உரிய தாங்கியையே வைத்துக்கொண்டு, அதற்கு வீட்டுச் சிலிண்டரிலிருந்து கராச்சின் பின்புறத்திலே வாயுவை மாற்றி ஊற்றுவது. மாற்றும்போது சிந்துவது கண்ணுக்குத் தெரியாது. இவ்வாயு காற்றிலும் பாரமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூற்றேன் இரு மடங்கு. அது மேலெழுந்து போகாமல் நிலத்தோடு படர்ந்து, வண்டி பழுதுபார்க்கும் குழியிலும் வடிகாலிலும் நீர்போல் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு மின்விசையின் பொறி போதும்.

மாற்றஞ் செய்த வண்டியை விலைக்கு வாங்குவோர், விற்பவரின் சொல்லோடு நில்லாது பின்பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. தாங்கியின் மேல் அடித்திருக்கும் தகட்டில் அது செய்யப்பட்ட ஆண்டும் சோதித்த அமுக்கமும் இருத்தல் வேண்டும். தாங்கி தகட்டின் மேலன்றி வண்டியின் சட்டத்தோடு இரும்புப் பட்டியாற் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வண்டியின் அடியிற் குனிந்து, செப்புக் குழாய் புகைக்குழாய்க்கு எட்ட நிற்கின்றதா, கல் அடித்து நசுங்கியிருக்கின்றதா என்று காணலாம். பின்னர் ஒரு கிண்ணத்திற் சவர்க்கார நீரைக் கரைத்து, வாயு திறந்திருக்க, மூட்டுக்கள் ஒவ்வொன்றிலும் தூரிகையாற் பூசவேண்டும். குமிழி எழுமிடத்திற் கசிவு உண்டு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் மெக்கானிக் எவரேனும் அங்கிருப்பின், அந்த வண்டியை அவரிடமே விட்டுவிட்டு வருதல் நன்று.