நன்றியுரை முதலில்

பட்டம் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், பந்தலில் இடம் கிடைக்காமல் ஓரமாக நிற்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பள்ளி ஆண்டு விழாவானாலும் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவானாலும் நன்றியுரைக்கு ஒரே கதிதான். ஆண்டறிக்கை வாசிக்கும்போது கூட்டம் இருக்கும். பரிசு கொடுக்கும்போது இன்னும் கூடும். நன்றி சொல்ல ஒருவர் மைக்கைப் பிடிக்கும் நேரத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருப்பார். அதனால் இங்கே நன்றி முதலில் வருகிறது. சாதனைகள் அதற்குள்ளேயே வந்துவிடும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் படிப்புச் சாதனை என்றால் வெகுகாலம் மதிப்பெண்தான். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்துகூடப் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். மே மாதமானால் சாலையெங்கும் ஃபிளெக்ஸ். 2017இல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, நல்ல முடிவு. ஃபிளெக்ஸில் சிரித்த முகம் யாருடையது என்று கேட்டால், அது கட்டியிருந்த கம்பத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரருக்கே இன்று நினைவிருக்காது.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை மட்டும் மறந்தவர் இல்லை. சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில், தீவட்டிப்பட்டிக்கு அருகே உள்ள ஊர் அது. ஐந்து வயதில், பள்ளிக்கு நடந்து போகையில் பேருந்து மோதி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. அம்மா செங்கல் சுமந்தார், பிறகு காய்கறி விற்றார். வைத்தியத்துக்கு வாங்கிய கடன் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் பையனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் கலந்துகொண்ட முதல் போட்டியில் உடன் தாண்டியவர்கள் எந்த ஊனமும் இல்லாதவர்கள். மாரியப்பன் இரண்டாவதாக வந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம்.

நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் என்பது கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பீரியட். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. அப்படிப்பட்ட பாடவேளையில் ஒரு பையனின் கால்களை உற்றுக் கவனித்த வாத்தியாருக்கு எந்தப் பள்ளியிலும் ஆண்டறிக்கையில் ஒரு வரி கிடைப்பதே அபூர்வம்.

ரியோ வெற்றிக்குத் தமிழக அரசு அறிவித்த பரிசு 2 கோடி ரூபாய். பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு மாரியப்பன் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இன்று கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதுதான்.

சின்னப்பம்பட்டிக் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். கிரிக்கெட் வீரர் நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் சிக்கன் கடை போட்டிருந்தார். டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் நடராஜன் அறிமுகமானார். ஆடும்போது சட்டை முதுகில் தன் பெயருக்கு முன்னால் ஜேபி என்று போட்டுக்கொண்டதுதான் அவர் படித்த நன்றியுரை. 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார்.

புகழ் பெற்றவர்கள் மட்டுந்தான் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு ஊர்களில் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமன் கொண்டுவருவதுபோல ஊரே திரண்டு அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டுபோகிறது. முன்னால் மேளம். பின்னால் தாம்பாளங்களில் நோட்டு, பேனா, பழம், வெற்றிலை பாக்கு. அதற்கும் பின்னால் தலையிலும் தோளிலும் நாற்காலி, மின்விசிறி, குடம், சுவர்க்கடிகாரம், உலக உருண்டை. பீரோ மட்டும் டிராக்டரில் வரும். வாசலில் தலைமையாசிரியர் சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல் கைகூப்பி நிற்பார். பக்கத்து ஊர்ச் சீரைவிட நம் சீர் ஒரு தட்டாவது கூட இருக்கவேண்டும் என்ற போட்டியும் உண்டு. இந்தப் போட்டியால் எவருக்கும் நட்டமில்லை.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. காமராஜர் முதல்வராக இருந்தபோது கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் நடந்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாக மக்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு நிலம், கட்டடம், மேசை, நாற்காலி, மதிய உணவுக்கான பாத்திரம் என்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள்.

சோற்றுக் கணக்கையும் சொல்லவேண்டும். சத்துணவில் முட்டை 1989இல் வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. அதில் பெரும்பகுதி நாமக்கல் பண்ணைகளிலிருந்து போகிற முட்டை. பண்ணையில் விடியற்காலையில் தீவனம் வைக்கும் பெண்ணும், லாரியில் அட்டை அட்டையாக ஏற்றுகிறவரும், அவித்து உரித்துத் தட்டில் வைக்கும் சத்துணவு ஆயாவும் பள்ளிப் புரவலர் பட்டியலில் இல்லை. இன்று பட்டம் பெறுகிறவர்களில் பலருடைய பள்ளிக்கூட மதியங்கள் இவர்கள் கையால் கழிந்தவை. முதல் பட்டதாரிச் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூலி நாளை விட்டு அலைந்த அப்பாக்கள் இதே பந்தலில் நிற்கிறார்கள்.

பட்டதாரிகளிடம் முப்பது லட்சம் இருக்காது. பலருக்குக் கல்விக் கடன்தான் இருக்கும். ஆனால் ஒரு வேலை காத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர் அதிகமாக இடம்பெறும் மேலாண்மைக் குழு இருக்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் அக்குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, நின்றுபோன பிள்ளை யார், எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை என்பதையெல்லாம் அங்கேதான் பேசுகிறார்கள். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல். பெங்களூரில் வேலை கிடைத்தவர்கள் அரைநாள் லீவு சொல்லி மதியப் பேருந்தைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் சேலம் வந்து சேருவார்கள். அந்த வாரம் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.