அருவி பார்க்கப் போன ஞாயிறு
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் எல்லோரும் பாடசாலையைப் பற்றிப் பேசுவார்கள். பாடசாலை இல்லாத ஒரு நாளைப் பற்றிப் பேச நாங்கள் அனுமதி கேட்டோம். நாங்கள் மூன்று சகோதரிகளும் இங்கேதான் படித்தோம். எங்கள் வீடு குருவிட்டப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தது.

போபத் எல்ல அருவி எங்கள் தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லை. குரு கங்கை அங்கே ஏறக்குறைய 30 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. விழும் தண்ணீர் அரசிலை போலத் தெரிவதால்தான் சிங்களத்தில் அதற்கு அந்தப் பெயர். கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் அம்மா அதைப் பார்த்ததில்லை.

காரணம் சோம்பல் அல்ல. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. அதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு. ஆனால் மழை நாளில் அருவிக்குப் போக முடியாது. வெயில் நாளில் வேலையை விட முடியாது. ஞாயிறு வேலை கொடுத்தால் ஒன்றரை நாள் சம்பளம். "தண்ணி பாக்கவா பேர விடுறது?" என்று அப்பாயி கேட்பார். அதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இருக்கவில்லை.

ஒரு மாசி மாதச் சனிக்கிழமை இரவு அப்பா திடீரென்று, "நாளைக்கு எல்லாரும் அருவிக்குப் போறோம்" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, வாழை இலையில் கட்டினார். அட்டைக்கு ஒரு துண்டு சவர்க்காரமும் உப்பும் எடுத்துக்கொண்டோம். கடைக்குட்டித் தங்கை அப்பாவின் தோளில். அண்ணன் எங்கள் இருவரின் கையையும் பிடித்து நடந்தார்.

அருவியின் சத்தம் பார்ப்பதற்கு முன்னமே கேட்டது. சாரல் பட்டதும் தங்கை அழுதாள், பிறகு வர மறுத்தாள். அம்மா ஒரு பாறையில் அமர்ந்து காலைத் தண்ணீரில் வைத்தார். "தெனம் தண்ணி தூக்குறேன். ஒரு நாளாவது தண்ணிய சும்மா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேனா?" என்றார். அம்மா சும்மா உட்கார்ந்திருந்ததை நாங்கள் அன்றுதான் முதலில் பார்த்தோம்.

அடுத்த வாரம் அண்ணன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். அவருக்கு வயது பதினான்கு. பேச்சு முன்பே முடிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது. அவர் தீபாவளிக்கு வருவார். எங்களுக்கோ விடுதி, பரீட்சை. பிறகு அப்பா போய்விட்டார். நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக வெளியே போன நாள் அந்த ஒன்றுதான். ஒன்றரை நாள் சம்பளத்துக்கு அப்பா எதை வாங்கினார் என்று எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பின்னர்தான் விளங்கியது.

சகோதரிகளே, இன்று எம்மிடம் வாகனம் உண்டு, விடுமுறையும் உண்டு. ஆனால் "ரியூஷன் முடியட்டும், புலமைப்பரிசில் முடியட்டும்" என்கிறோம். கனடாவில் இருக்கும் எங்கள் தங்கை சென்ற மாதம் சொன்னாள்: "அக்கா, இப்ப கூப்பிட்டா மகன் வரமாட்டேங்கிறான்." தோளில் ஏறும் வயது சில வருடங்கள்தான். அந்த வயதில் பிள்ளைக்குத் தூரதேசம் தேவையில்லை, ஓடையே போதும்.

எங்கள் சப்ரகமுவையில் இடத்துக்குக் குறைவில்லை. இரத்தினபுரி நகரை ஒட்டியே கட்டுகஸ் எல்ல இருக்கிறது. பெல்மதுளைப் பக்கம் கிரிந்தி எல்ல 116 மீற்றர் உயரம். கேகாலை மாவட்டத்தில், 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயத்தில் யானைகள் மகா ஓயாவில் குளிப்பதைப் பார்க்கலாம். 1988இல் உலக மரபுரிமையான சிங்கராஜ வனமும் எட்டும் தூரமே. 

ஒரு எச்சரிக்கை. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தள்ளிப்போடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் இருந்தாலும் மேல் மலையில் மழை பெய்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். தண்ணீர் கலங்கி, இலை சருகு அடித்து வந்தால் உடனே கரையேறுங்கள். பிள்ளையின் கையை விடாதீர்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சங்கத்திடம் எமது வேண்டுகோள் ஒன்று. தோட்டங்களில் இன்றும் நாட்சம்பளத்தை விட்டுவர முடியாத தாய்மார் இருக்கிறார்கள். நூற்றாண்டு நினைவாகக் கல்வெட்டு வைப்பது நல்லதே. அத்தோடு, வருடத்துக்கு ஒரு பஸ், ஒரு நாள் சாப்பாடு, வரும் தாய்க்கு அன்றைய சம்பளம் என்று கொடுத்து, சிறு பிள்ளைகளோடு அவர்களை அருவிக்கு அழைத்துப் போவோம். முதல் பஸ்ஸுக்கான செலவை நாங்கள் மூன்று சகோதரிகளும் அண்ணனும் ஏற்கிறோம்.