மலையில் மழை, மூதூரில் வெள்ளம்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் புவியியல் கற்ற பழைய மாணவியர் மூவர் இணைந்து வழங்கிய உரையின் எழுத்துருவம்)



திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு மழை என்றால் வாடைக்காலம். கச்சான் வீசும் மாதங்களில் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். அதே நாட்களில் வட்டவளையில் குடையில்லாமல் வெளியே இறங்க முடியாது. அங்கிருந்து ஆறு கொண்டுவரும் நீர் 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலியாகி, நமது கொட்டியாரக்குடாவில்தான் கடலைச் சேர்கிறது. ஆகவே மலையில் எவ்வளவு பெய்தது என்பது மூதூர், கிண்ணியா, வெருகல் மக்களின் கேள்வியும்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்ததை நாம் எவரும் மறக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். மகாவலி வடிநிலம் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர். அதன் மீது சராசரியாக 10 மில்லிமீற்றர் மழையைக் குறைத்து மதிப்பிட்டால், 10 கோடி கனமீற்றர் நீர் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவே 72 கோடிதான்.

மழைமானியின் வாயோ ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவு. அதில் விழுந்ததை வைத்து ஒரு மலைத்தொடருக்கே கணக்குச் சொல்கிறோம். 1911இல் தீசன் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார்: ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கு மிக அருகிலுள்ள மானியின் அளவைக் கொடுத்து, பரப்பின்படி சராசரி எடுங்கள் என்று. உயர்தர வகுப்பில் பல்கோணம் வரைந்து கை நோகப் படித்தது நினைவிருக்கும். சமவெளிக்கு அது நன்றாகவே பொருந்தும். மலையில் பொருந்தாது. உயரம் கூடினால் மழை கூடும் என்ற சூத்திரமும் அங்கே ஏமாற்றிவிடும். நுவரெலியா வட்டவளையை விட மிக உயரம். ஆண்டு மழையோ ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர். 30 கிலோமீற்றருக்குள் இருக்கும் வட்டவளையில் 5,000ஐத் தாண்டும். காற்றுக்கு முகம் கொடுக்கும் சரிவா, முதுகு காட்டும் சரிவா என்பதே அங்கு பேச்சு. வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் முகமும் முதுகும் இடம் மாறிவிடும். நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவு நனையத் தொடங்கும்.

செய்மதி இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது, 2014 முதல் உலக மழையளவீட்டுச் செய்மதித் திட்டம் இயங்குகிறது. ஆனால் அதன் கட்டமொன்று ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலம். ஒரே கட்டத்துக்குள் மலைமுகடும் பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். குளிர்ந்த உயர்முகிலைக் கண்டு மழையைக் கணிக்கும் முறைகள், சரிவில் தவழும் தாழ்முகில் கொட்டுவதைக் குறைத்தே சொல்லும். எங்கே கூட, எங்கே குறைய என்பதைச் செய்மதியிடம் கேட்டு, எவ்வளவு என்பதை மானியிடம் கேட்டுத் திருத்துவதே நடைமுறை. பிறகு ஆற்றிடமும் கேட்க வேண்டும். பெய்ததாக நாம் சொன்ன மழையை விட அதிக நீர் ஓடினால், பிழை ஆற்றில் இல்லை. (இடையில் நீர்த்தேக்கங்கள் வந்தபின் இந்தச் சோதனை சற்றுச் சிக்கல்தான்.)

எப்படிப் பார்த்தாலும் தரையிலுள்ள மானிக்குப் பதிலில்லை. மலையகத்தில் அந்த வேலையைப் பெரிதும் செய்தவை தேயிலைத் தோட்டங்கள். காலை எட்டரைக்கு நீரை அளந்து கொப்பியில் எழுதிவைப்பது பல தோட்டங்களில் தலைமுறை வழக்கம். தோட்டம் கைமாறும்போதும் காரியாலயம் மூடப்படும்போதும் அந்தக் கொப்பிகள் பழைய கடதாசியோடு போய்விடுகின்றன. அன்று பெய்த மழையை இனி எந்தச் செய்மதியும் அளக்கப் போவதில்லை.

நம்மில் பலர் மலையகப் பாடசாலைகளில் கற்பிக்கிறார்கள். சிலர் தோட்டத்துக்கே மருமக்களாய்ப் போனவர்கள். அருகிலுள்ள தோட்டக் காரியாலயத்தில் மழைக் கொப்பி இருக்கிறதா என்று விசாரியுங்கள். துரையின் அனுமதியோடு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். மானி நின்ற இடத்தையும், அது எந்த ஆண்டில் இடம் மாற்றப்பட்டது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்த விபரமில்லாமல் எண்களால் பயன் குறைவு. பிரதிகளைச் சங்கத்துக்கு அனுப்பினால், ஒழுங்குபடுத்தி வளிமண்டலவியல் திணைக்களத்திடம் கையளிக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.