மேசையின் இருபுறமும் ஒருவரே இருக்கலாமா?

(மாத்தளையிற் கமக்காரரும் உள்ளூராட்சி ஊழியரும் கூடியிருந்த அவையொன்றில் நிகழ்த்திய உரை)



உள்ளூராட்சி மன்றங்களில் ஒழுக்கம் என்பது எமக்குத் தரப்பட்ட பொருள். ஒழுக்கத்தைப் பற்றி மேடையேறி உபதேசிப்பது எளிது. கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு செல்வது அதனினும் எளிது. ஆதலால் உபதேசத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஓர் ஊரையும் அதன் சபையையும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறோம். அந்த ஊர் வில்கமுவ.

மாத்தளை மாவட்டத்திலே இரண்டு மாநகர சபைகளும் பதினொரு பிரதேச சபைகளும் உள்ளன. அப்பதினொன்றுள் ஒன்று வில்கமுவ. மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கையை அடுத்து, வஸ்கமுவ தேசிய வனத்தின் அயலிலே கிடக்கும் நெல்வயற் பூமி அது. ஹெட்டிபொல அதன் கடைத்தெரு. அங்குள்ள மக்களிற் பெரும்பாலோர் சிங்களக் கமக்காரர். அப்படியாயின் தமிழர் கூடியிருக்கும் இந்த அவையில் அதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். வில்கமுவையிலும், இறத்தோட்டையிலும், உக்குவளையிலும் ஆள்வது ஒரே சட்டம். மதகு கட்டும் முறையும் ஒன்றே. மதகிலே வெடிப்பு விழும் காரணமும் ஒன்றே. அந்தச் சபையிலே இன்னார் இன்னது செய்தார் என்று குற்றஞ்சாட்ட நாம் வரவில்லை. அப்படி ஒரு செய்தியும் எம்மிடம் இல்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய ஊர் ஒன்று நமக்கு உதாரணமாக வேண்டும். அதற்காகவே வில்கமுவையை எடுத்தோம்.

பிரதேச சபை என்ன செய்கிறது? ஊர்ப் பாதையைச் செப்பனிடுகிறது. வாரச்சந்தையைக் குத்தகைக்கு விடுகிறது. வீடு கட்ட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கிறது. வியாபாரத்துக்கு உரிமப்பத்திரம் கொடுக்கிறது. வீதிவிளக்குப் பொருத்துகிறது. இவையெல்லாம் சில்லறைக் காரியங்கள் என்று கொழும்பில் இருப்பவர் நினைக்கலாம். யானை நடமாடும் ஊரிலே வீதிவிளக்கு ஓர் அலங்காரமன்று. இரவு வயற்காவலுக்குப் போனவன் உயிரோடு வீடு திரும்புவதும் திரும்பாததும் சில வேளை அந்த விளக்கைப் பொறுத்தது. பத்து விளக்குகளுக்குத்தான் பணம் இருக்கிறது, இருள் கிடக்கும் ஒழுங்கைகளோ நாற்பது. எந்த ஒழுங்கைக்கு முதலில் என்று தீர்மானிக்கும் உறுப்பினரின் வீடும் அந்த நாற்பதில் ஒன்றிலேதான் இருக்கிறது. இவ்விடத்திலேதான் நமது பொருள் பிறக்கிறது.

அந்த உறுப்பினர் யாரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை. இலஞ்சம் என்று சொல்ல முடியாது. ஆனால், தீர்ப்பவரும் அவரே, பயன்பெறுபவரும் அவரே. சட்ட அறிஞர் இதனை நலன் முரண்பாடு என்பர். நாம் சாதாரணமாகச் சொல்லுவோம்: மேசையின் இந்தப் புறத்திலும் அந்தப் புறத்திலும் ஒருவரே உட்கார்ந்திருக்கிறார்.

இந்நோய் நேற்று வந்ததன்று. தொண்டை நாட்டிலே உத்தரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டிய கல்வெட்டுக்கள் இன்றும் நிற்கின்றன. குடவோலை முறை என்று நம் பிள்ளைகள் பள்ளியிலே படிப்பது அதுதான். ஓலையிற் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள் என்ற கதையை மட்டும் சொல்லிவிட்டு நம்மவர் நிறுத்திவிடுகிறார்கள். அதிலுள்ள தகுதியின்மைப் பட்டியலன்றோ பார்க்க வேண்டியது! முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனோடு நிற்கவில்லை, அவன் தாயின் சகோதரி மக்களும், தந்தையின் சகோதரி மக்களும், மாமனும், மாமனாரும், மைத்துனனும் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி விலக்கினார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுள் வாரியஞ் செய்தவனுக்கும் இடமில்லை. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஏரி நீர் யார் வயலுக்கு முதலிற் பாயும் என்ற கேள்வி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மனிதரின் நேர்மையைச் சோதித்திருக்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது காணியுடைய பிராமணரின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இருக்கை கிடையாது. ஆயினும், உறவு என்பது கணக்கைக் கெடுக்கும் என்பதை அவர்கள் கல்லிலே எழுதி வைத்தார்கள்.

அந்த முறையை அப்படியே வில்கமுவையிற் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? உறவினரை எல்லாம் விலக்கினால் மண்டபத்திலே ஆளிராது! கொண்டவனும் கொடுத்தவனும், ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுபவனும், ஒரே மரணாதாரச் சங்கத்தில் இருப்பவனுமே அங்கே உறுப்பினராகவும் ஊழியராகவும் வருகிறார்கள். வேறு எங்கிருந்து வருவார்கள்? ஆதலால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். நலன் இருப்பது குற்றமன்று. அதை மறைத்து வைத்துக்கொண்டு கையுயர்த்துவதுதான் குற்றம்.

நாம் நேரிற் கண்ட ஒரு சம்பவம். எந்தச் சபை என்பது வேண்டாம். அதிலிருந்தோர் பலர் இன்றில்லை. நாம் அக்காலத்தில் அங்கே எழுதுவினைஞராக இருந்தோம். ஒரு மதகுக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டு மூன்று வந்திருந்தன. ஆகக் குறைந்த தொகை ஓர் உறுப்பினருடைய தம்பி போட்டது. அந்த உறுப்பினர் எழுந்து, தம்பியின் பெயரைச் சொல்லாமலே அவருடைய வேலைத்திறனைக் கால் மணி நேரம் புகழ்ந்தார். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எமது கையாலேயே எழுதினோம். இனிச் சொல்வதைக் கவனியுங்கள். தம்பியார் மதகை நன்றாகவே கட்டினார். இன்றைக்கும் அது நிற்கிறது. களவு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஊர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு மதகுக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது, முன்பு தோற்ற இருவரும் வரவில்லை. ‘எங்களுக்கு ஏன் வீண் செலவு’ என்று தேநீர்க் கடையிலே சொல்லிக்கொண்டார்கள். தம்பியார் ஒருவரே போட்டார், தொகை ஏறியிருந்தது, சபைக்கு வேறு வழியில்லை. முதலாம் மதகிற் களவில்லாமலே இரண்டாம் மதகில் ஊர்ப்பணம் போயிற்று. அன்று அந்த உறுப்பினர், ‘விண்ணப்பித்தவர் என் தம்பி, நான் வெளியே இருக்கிறேன்’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால், தம்பிக்கே அந்த வேலை நியாயமாகக் கிடைத்திருக்கும். ஏகமனதாக என்று எழுதிய எமக்கும் அதிற் பங்குண்டு.

இன்று ஊர்களிலே வேறொரு வகை வந்திருக்கிறது. சிறிய வேலைகளைக் கேள்விப்பத்திரமின்றிக் கமக்காரர் அமைப்புக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கொடுக்கும் வழக்கம் அது. நல்ல நோக்கமே. கொந்தராத்துக்காரரின் இலாபம் ஊருக்குள் தங்கும், ஊரவர் கைகளுக்கு வேலை கிடைக்கும். ஆனால் சங்கத்தின் தலைவரும் சபையின் உறுப்பினரும் ஒருவரேயாயின், வேலையைக் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், முடிந்தது என்று ஒப்பமிடுபவர் யார்? கமக்காரரே, இது உங்கள் வீட்டுக் கேள்வி. அடுத்த முறை சங்கக் கூட்டத்தில் தலைவரைத் தெரியும்போது இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினரை மட்டும் சொல்லிவிட்டு ஊழியரை விட்டுவிடலாகாது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் மாலையிலே வீட்டில் இருந்து கட்டணத்துக்கு வரைபடம் கீறிக் கொடுக்கிறார். காலையிலே கந்தோரில் அந்த வரைபடத்தையே பரிசீலிக்கிறார். அவரிடம் கீறுவித்தால் விரைவில் அனுமதி கிடைக்கும் என்று ஊர் அறிந்துகொள்கிறது. அவர் ஒன்றும் கேளாமலே இருக்கலாம். வேறு இடத்திற் கீறிய வரைபடம் மூன்று மாதம் கிடப்பதே போதும். சபையின் பெக்கோ இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வயலைச் சமப்படுத்துகிறது. தண்ணீர் வண்டி ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறது. இவற்றுக்குக் கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்கினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். அந்தப் பற்றுச்சீட்டுத்தான் கண்ணிற் படுவதில்லை! புத்தாண்டிலே பெரியவருக்குக் கொடுக்கும் வெற்றிலைக் கற்றையும் இலஞ்சமா என்று கேட்பவர் உண்டு. வெற்றிலை வெற்றிலைதான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இவற்றை அடக்கச் சட்டமில்லையா? இருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கிறது. கொழும்பு மாநகர சபையிலே இலஞ்சம் பற்றி எம். டபிள்யூ. எச். த சில்வா விசாரித்ததன் பின், அதற்கென்றே 1949இல் ஒரு விசேட சட்டம் இயற்ற வேண்டி வந்தது. 1954இல் இலஞ்சச் சட்டம். 1975இல் சொத்து வெளிப்படுத்தற் சட்டம். 1994இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இவற்றைத் திரட்டிப் புதுக்கிற்று. உள்ளூராட்சி உறுப்பினரும் ஆண்டுதோறும் சொத்துப் பொறுப்புக்களை வெளிப்படுத்த வேண்டும். தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பும் அதிலே சொல்லப்பட்டிருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சொத்து வெளிப்படுத்தல் ஒருவரிடம் எத்தனை ஏக்கர் உண்டு என்பதைச் சொல்லும். ‘இன்று மேசைமேல் உள்ள மூன்றாவது விண்ணப்பம் என் மைத்துனருடையது’ என்பதை அது சொல்லாது.

பிரித்தானியரைப் பாருங்கள். உறுப்பினர் தமது பணநலனை அவையில் வெளிப்படுத்த வேண்டும் என்று 1933ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்திலேயே எழுதி வைத்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும், ஜோன் போல்சன் என்ற கட்டடக் கலைஞர் பல நகர சபைகளின் பெரியோரை விலைக்கு வாங்கினார். 1974இல் அவரும், நியூகாசில் நகரத் தலைவராக விளங்கிய டான் சிமித் என்பவரும் சிறைக்குச் சென்றனர். உள்நாட்டமைச்சர் மோட்லிங் 1972இலேயே பதவி துறக்க நேர்ந்தது. ஏட்டிலே விதியிருந்தும் கேட்பாரில்லாதிருந்தமையால் வந்த கதி அது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியோடு நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் நலனுடையவரை உறுப்பினராகாமல் விலக்குகிறது. பினாமி என்ற சொல்லும் அங்கே நன்றாக வழங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் நாட்டிலே இன்னொரு விசித்திரத்தையும் கண்டோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடைபெறவில்லை. 2025 மே 6ஆம் நாள் வரை மக்கள் வாக்களிக்க வழியின்றி இருந்தனர். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர்நீதிமன்றம் 2024 ஆகத்தில் தீர்ப்பளித்தது. அந்த இரண்டாண்டுக்கு மேலான காலத்திலே பிரதேச சபைகளைச் செயலாளர்கள் நடத்தினார்கள். அவர்களிற் பலர் நேர்மையாளர். எனினும் முன்மொழிபவரும், அங்கீகரிப்பவரும், பணம் கொடுப்பவரும் ஒரே கந்தோர் என்றால், மேசைக்கு மறுபுறமே இல்லாமற் போய்விட்டதல்லவா?

தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கும் இதில் ஒரு சொல். தோட்டப்புறம் தனியார் நிலம் என்று காட்டி, சபைப் பணத்தை அங்கே செலவிட முடியாது என்று பல ஆண்டுகள் கையை விரித்தார்கள். 2018இற் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்பொழுது பாதை வரும், மதகு வரும். அவற்றோடு கொந்தராத்தும் வரும், தம்பியும் மைத்துனரும் வருவர். இறத்தோட்டையிலும் உக்குவளையிலும் நம்மவர் உறுப்பினராய் அமர்கையில், தமிழர் ஒருவருக்கு வேலை கிடைத்தது என்று மகிழ்ந்துவிட்டு, அவர் யாருடைய தம்பி என்று கேளாமல் இருந்துவிடக்கூடாது. இனத்தின் பெயரால் மூடி வைப்பதும் மூடி வைப்பதே.

நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. சபையிலே ஒரு பதிவேடு இருக்கட்டும். ஒவ்வோர் உறுப்பினரும், தீர்மானத்திற் கைவைக்கும் ஒவ்வோர் ஊழியரும் தம் தொழிலையும், காணியையும், இருக்கின்ற சங்கங்களையும், கொந்தராத்துச் செய்யும் நெருங்கிய உறவினரையும் அதிலே எழுதட்டும். நிகழ்ச்சிநிரல் வாசித்தவுடன், நலனுடையவர் யார் என்று தவிசாளர் கேட்கட்டும். நலனுடையவர் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போகட்டும். உள்ளே வாய்மூடி இருப்பது போதாது; கண் பேசும். அவர் போனதும் வந்ததும் கூட்டக் குறிப்பிலே ஏறட்டும். பாதிப் பேருக்கு மேல் வெளியே போக நேர்ந்து கூட்ட நடப்பெண் குறைந்தால், அந்த ஒரு விடயம் உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் போகட்டும். வரைபடம் கீறுபவர் அதைப் பரிசீலிக்கலாகாது. அயற்சபை உத்தியோகத்தர் ஒருவர் பார்க்கட்டும். இவற்றிற் பலவற்றைத் தொடங்க ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.

சபை தானாகச் செய்யாவிட்டால் என்செய்வது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஒழுங்கையின் மதகைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பையும், வந்த கேள்விப்பத்திரங்களின் தொகைகளையும் கேட்டுத் தகவல் உத்தியோகத்தரிடம் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர் என்று அவர் வினவ முடியாது. பதினான்கு வேலைநாட்களுள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. வில்கமுவைக் கமக்காரர் சிங்களத்தில் எழுதட்டும். நாம் தமிழில் எழுதுவோம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் கூட்டம் முடிந்தபின் எம்மிடம் வாருங்கள். கடதாசி கொண்டு வந்திருக்கிறோம்.